மின்னஞ்சல் பட்டியலில் சேர்க்கும் முன் சம்மதத்தை உறுதிசெய்வது எப்படி? மலையகச் சிறுதொழில் செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

எல்லவில் இரண்டு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறவர், ஹட்டனில் தேயிலைக் கடை வைத்திருப்பவர், பண்டாரவளையில் வீட்டிலேயே ஜாம் போட்டு விற்கிறவர், எல்லோரிடமும் ஒரு கொப்பி இருக்கும். வந்துபோன வாடிக்கையாளர்கள் தங்கள் பெயரையும் ஈமெயிலையும் அதில் எழுதிவைத்திருப்பார்கள். ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை தேயிலை மணம் கூடும் காலம். புதுத் தேயிலை வந்ததும் கொப்பியில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரு மடல் தட்டிவிடலாமே என்று தோன்றும். தட்டாதீர்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

அந்த வேலை இதுதான். ஒருவர் தன் ஈமெயிலைத் தருகிறார். நீங்கள் உடனே அவரைப் பட்டியலில் சேர்க்காமல், அந்த விலாசத்துக்கு ஒரு சின்ன மடல் அனுப்புகிறீர்கள்: "நீங்கள்தான் கேட்டீர்களா? ஆம் என்றால் இதை அழுத்துங்கள்." அவர் அழுத்தினால்தான் பட்டியலில் பெயர் ஏறும். அழுத்தாவிட்டால் விட்டுவிட வேண்டும். ஆங்கிலத்தில் இதை டபுள் ஒப்ட்-இன், அதாவது இரட்டை உறுதி, என்பார்கள். படிவத்தை நிரப்பியதுமே சேர்த்துவிடுவது சிங்கிள் ஒப்ட்-இன்.

இப்படிச் செய்தால் பட்டியல் சிறுக்கும். படிவத்தில் ஆர்வமாகப் பெயர் கொடுத்துவிட்டு மடலைத் திறக்காமலே போகிறவர்கள் நிறையப் பேர். பட்டியல்களுக்கு மடல் அனுப்பித்தரும் மெயில்சிம்ப் நிறுவனமே 2017 அக்டோபர் கடைசியில் பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு இரட்டை உறுதியை எடுத்துவிட்டுச் சிங்கிளை இயல்பாக்கியது. விற்பனை ஆலோசகர்கள் சிலர் இதைக் காட்டி, "இரட்டை உறுதி தேவையில்லை, ஆட்களை இழப்பீர்கள்" என்பார்கள். இலட்சக்கணக்கில் விலாசம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அந்தக் கணக்கு சரியாக வரலாம். முந்நூறு பேருக்கு அனுப்பும் மலையகக் கடைக்கு அது பொருந்தாது என்பதே என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு தவறான விலாசம் என்ன செய்யும்

கொப்பியில் எழுதும் கையெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன்காரர்கள் எழுதும் 1 நம் கண்ணுக்கு 7 போலவே தெரியும். ஓ எது, பூச்சியம் எது என்று தெரியாது. நடுக்கோடா அடிக்கோடா என்பதும் சந்தேகம். இதை இரவில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவர் நல்லெண்ணத்தில் "திருத்தவும்" செய்வார். ஜிஎம்எக்ஸ் டொட் டிஈ என்று இருந்தால் அதை ஜிமெயில் டொட் கொம் என்று மாற்றிவிடுவார். ஜிஎம்எக்ஸ், வெப் டொட் டிஈ இரண்டும் ஜெர்மனியில் பெரிய சேவைகள். கூகுள்மெயில் டொட் கொம் என்று எழுதியிருந்தால் அதுவும் பிழை இல்லை. அது ஜிமெயிலின் இன்னொரு முகம். எதையும் ஊகித்துத் திருத்த வேண்டாம்.

இப்படிப் பிழையான விலாசத்துக்குப் போகும் மடல் திரும்பி வரும், அல்லது யாரோ முன்பின் தெரியாதவரின் பெட்டியில் போய் விழும். அவர் கோபத்தில் "ஸ்பாம்" பட்டனை அழுத்துவார். ஜிமெயில் 2024 பெப்ரவரியிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு வைத்திருக்கும் விதிப்படி இந்த முறைப்பாட்டு வீதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1க்குள் இருப்பது நல்லது. பெரிய நிறுவனத்துக்கு ஆயிரத்தில் மூன்று பேர். உங்களுக்கு? ஜிமெயில்காரர்கள் 200 பேருக்கு அனுப்பி ஒரே ஒருவர் அழுத்தினாலே 0.5 சதவீதம். அப்புறம் உண்மையாகவே உங்கள் தேயிலையைக் கேட்டவரின் பெட்டியிலும் மடல் ஸ்பாம் பக்கம் ஒதுங்கத் தொடங்கும். சிறு பட்டியலுக்குத்தான் உறுதிப்படுத்தல் அதிகம் தேவை என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொரு ஆபத்து, படிவங்களைத் தேடி வரும் ரோபோக்கள். ஒருவரைத் தொல்லைப்படுத்த நினைப்பவர்கள் அவருடைய விலாசத்தை ஆயிரக்கணக்கான படிவங்களில் ஒரே நேரத்தில் போட்டுவிடுவார்கள். 2016 ஆகஸ்டில் இது பெரிய அளவில் நடந்தது. உங்கள் படிவத்திலும் அந்த விலாசம் விழுந்தால், இரட்டை உறுதி இருக்கும்வரை அவருக்கு ஒரு மடலோடு முடிந்துவிடும். இல்லாவிட்டால் மாதாமாதம் போகும். படிவத்தில் "நான் ரோபோ அல்ல" என்ற சோதனையையும் வைத்துவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விளம்பரச் செய்தி அனுப்பச் சம்மதம் வேண்டும், இலவசமாக விலகும் வழி இருக்க வேண்டும் என்பது அதிலும் உண்டு. மீறினால் ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமுண்டு. நடைமுறைக்கு வரும் தேதி தள்ளிப்போனது உண்மை. அதற்காகக் காத்திருக்க வேண்டாம்; உங்கள் வாடிக்கையாளரில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அங்கெல்லாம் சட்டம் எப்போதோ வந்துவிட்டது.

ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐரோப்பாவில் இருப்பவர்களை நோக்கிப் பொருள் விற்றால், கடை நுவரெலியாவில் இருந்தாலும் அது உங்களைத் தொடும். அதன்படி, சம்மதம் இருந்தது என்று காட்ட வேண்டியது அனுப்பியவரின் பொறுப்பு. முன்கூட்டியே டிக் போட்டுவைத்த பெட்டி சம்மதம் ஆகாது. ஜெர்மனியில் இரட்டை உறுதியே வழக்கமாகிவிட்டது. கனடாவின் ஸ்பாம் எதிர்ப்புச் சட்டம் 2014 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. அங்கேயும் நிரூபிக்க வேண்டியவர் அனுப்புகிறவர்தான். ரொறன்ரோவில் இருக்கும் நம் சொந்தக்காரர்களுக்குத் தேயிலையும் மிளகும் அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். "அவர் நம்ம ஊர்க்காரர்தானே" என்பது சட்டத்தின் முன் சம்மதம் ஆகாது. அமெரிக்கச் சட்டம் இவ்வளவு கண்டிப்பு இல்லை, அங்கே முன்சம்மதம் கேட்பதில்லை. ஆனால் விலகச் சொன்னால் 10 வேலை நாளுக்குள் விலக்க வேண்டும், மடலின் அடியில் உண்மையான தபால் விலாசம் இருக்க வேண்டும்.

அந்தத் தபால் விலாசம் நம் பக்கத்தில் சிலருக்குத் தலைவலி. தோட்டத்து லயத்தில் இருந்துகொண்டு தொழில் செய்கிறவருக்குக் கடிதம் பெரும்பாலும் தோட்ட அலுவலகம் வழியாகத்தான் வருகிறது. வீட்டுக்குத் தனி இலக்கம் இருக்காது. அப்படியானால் டவுனில் ஒரு தபால் பெட்டி எடுத்து அந்த விலாசத்தைப் போடலாம். ஆனால் அமெரிக்க விதி பெயர் சொல்லி ஏற்பது அமெரிக்கத் தபால் சேவையில் முறையாகப் பதிந்த பெட்டியைத்தான் என்பதைக் கவனத்தில் வையுங்கள்.

முதல் வேலை: அனுப்பும் விலாசம்

சொந்த ஜிமெயிலிலிருந்து ஐம்பது பேரை மறைநகலில் (பிசிசி) போட்டு அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு டொமைன், அதாவது இணையத்தில் உங்கள் கடைக்கென்று ஒரு சொந்தப் பெயர், வாங்குங்கள், டொட் எல்கேயோ டொட் கொமோ, எது மலிவோ அது. அப்புறம் மடல் அனுப்பும் சேவை ஒன்றில் கணக்குத் திறங்கள். மெயில்சிம்ப், மெயிலர்லைட், பிரேவோ என்று பல உண்டு. சிறு பட்டியலுக்கு இலவசத் திட்டம் இருக்கிறதா என்று அவரவர் பக்கத்தில் பாருங்கள், அது அடிக்கடி மாறும். சேவை தரும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை டொமைன் வாங்கிய இடத்தில் ஒட்ட வேண்டும். இந்த மடலை உண்மையில் உங்கள் டொமைன்தான் அனுப்பியது என்று ஜிமெயில் சரிபார்ப்பதற்கு அவை. கூடவே, அந்தச் சோதனையில் தவறும் மடலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் பதிவையும் போட்டுவிடுங்கள். இவை இல்லாமல் உறுதிமடலே ஸ்பாமுக்குப் போய்விட்டால் மற்றது எல்லாம் வீண்.

சேவையின் அமைப்புகளில் இரட்டை உறுதிக்கு ஒரு பட்டன் இருக்கும். அது அணைந்த நிலையில் இருக்கக்கூடும், நீங்களே போய்ப் போட வேண்டும்.

படிவம்

ஈமெயில் மட்டும் கேளுங்கள், வேண்டுமானால் பெயரும். தொலைபேசி, பிறந்தநாள், நாடு என்று நீட்டாதீர்கள். பட்டனுக்கு மேலே ஒரு வரி: என்ன வரும், எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம். டிக் பெட்டி வைத்தால் காலியாக வையுங்கள்.

அறை பதிவு செய்வதற்காகக் கொடுத்த ஈமெயில் மடலுக்காகக் கொடுத்தது ஆகாது; இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். புக்கிங் டொட் கொம் வழியாக வரும் விருந்தினரின் விலாசம் அவருடைய சொந்த விலாசமே அல்ல, அந்தத் தளம் இடையில் வைக்கும் மாற்று விலாசம். அதைப் பட்டியலில் போடுவதில் பொருளே இல்லை.

வைஃபை பாஸ்வேர்டுக்கு ஈமெயில் கேட்கும் பழக்கம் இப்போது சுற்றுலா ஊர்க் கஃபேக்களில் பரவிவருகிறது. வைஃபைக்காகக் கொடுத்த விலாசத்தில் விருப்பம் எங்கே இருக்கிறது? அப்படிச் சேர்ந்தவர்கள் மடலைத் திறக்கவும் மாட்டார்கள். வைஃபையைச் சும்மா கொடுங்கள். பக்கத்தில் ஒரு கியூஆர் குறி ஒட்டிவையுங்கள். விருப்பமுள்ளவர் தன் போனில் தானே விலாசத்தை அடித்தால் கையெழுத்துப் பிரச்சினையும் போய்விடும்.

உறுதிமடலை எழுதுவது

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். சேவை தானாகத் தரும் ஆங்கில மடலை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் பலர். அதில் கடையின் பெயர்கூடத் தெளிவாக இருக்காது. வாங்குகிறவர் யாரோ ஏமாற்றுக்காரர் என்று நினைத்து அழித்துவிடுவார்.

அனுப்புநர் பெயர், போர்டில் இருக்கும் கடையின் பெயராகவே இருக்கட்டும். வியாபாரப் பதிவில் வேறு பெயர் இருந்தால் அதைப் போடாதீர்கள், வந்தவருக்கு அது தெரியாது. பொருள் வரியில் முக்கியமான சொல் முதலில் வரட்டும். தமிழ்ச் சொற்கள் நீளம், போன் திரையில் பாதியில் வெட்டுப்படும். "உறுதிப்படுத்துங்கள்: தேயிலை மடல்" போதும்.

உள்ளே இப்படி எழுதலாம்:

"வணக்கம். எங்கள் மாதாந்தத் தேயிலை மடலுக்கு இந்த ஈமெயில் விலாசம் இன்று பதியப்பட்டிருக்கிறது. பதிந்தது நீங்கள்தான் என்றால் கீழே உள்ள பட்டனை அழுத்துங்கள். மாதம் ஒரு மடல் வரும். புதிதாக வந்த தேயிலை, விலை, அனுப்பும் செலவு மட்டும் அதில் இருக்கும். நீங்கள் கேட்கவில்லை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், இதற்கு மேல் எழுத மாட்டோம்."

அவ்வளவுதான். சலுகை, படம், பேஸ்புக் இணைப்பு எதுவும் வேண்டாம். அவர் இன்னும் சம்மதம் தரவில்லை, ஆகவே இந்த மடலில் விளம்பரம் வைத்தால் அதுவே கேட்காத விளம்பரம் ஆகிவிடும். "இப்போதே உறுதிசெய்தால் 10 சதவீதத் தள்ளுபடி" என்று எழுதச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தள்ளுபடி கொடுப்பதானால் உறுதியான பிறகு போகும் வரவேற்பு மடலில் கொடுங்கள்.

அழுத்தாதவருக்கு நினைவூட்டல் அனுப்பலாமா? சில சேவைகளில் அந்த வசதி உண்டு. நான் அனுப்பச் சொல்ல மாட்டேன். "இதற்கு மேல் எழுத மாட்டோம்" என்று முதல் மடலில் எழுதிவிட்டு மறுபடி எழுதுவது சரியாக இருக்காது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகியவர்கள் இன்னும் நிறைய. பாமினியில் அடித்ததை மடலில் ஒட்டினால் உங்கள் கணினியில் தமிழாகத் தெரியும், வாங்குகிறவரிடம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகப் போய்ச் சேரும். யுனிகோடில் அடியுங்கள். வாடிக்கையாளர் எந்த மொழியில் படிவம் நிரப்பினாரோ உறுதிமடலும் அந்த மொழியில் போகட்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் ஒரே மடலில் அடுக்கினால் பட்டனைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

பட்டனுக்குப் பின்னால்

சேவை ஒன்றைப் பயன்படுத்துகிறவர் இந்தப் பகுதியை மேலோட்டமாகப் பார்த்தால் போதும். தம்பி தங்கை யாராவது வெப்தளம் செய்து தருகிறார்கள் என்றால் அவர்களிடம் காட்டுங்கள்.

உறுதி இணைப்பில் ஈமெயிலை மட்டும் வைத்தால் யார் வேண்டுமானாலும் அதை ஊகித்து அழுத்தலாம். ஒவ்வொருவருக்கும் ஊகிக்க முடியாத, நீளமான, தாறுமாறான குறியீடு ஒன்று வேண்டும். ஒருமுறை பயன்பட்டதும் அது செல்லாததாக வேண்டும். பயன்படாவிட்டாலும் ஒரு வாரத்தில் காலாவதியாகட்டும்.

பலரும் தவறவிடும் இடம் இது: நிறுவனங்களின் மெயில்களில் பாதுகாப்பு மென்பொருள் இருக்கும். மடல் வந்ததும், மனிதர் பார்ப்பதற்கு முன்பே, உள்ளே இருக்கும் எல்லா இணைப்புகளையும் அதுவே திறந்து பார்க்கும். இணைப்பைத் திறந்தாலே உறுதியாகிவிடும் என்று வைத்திருந்தால், மனிதர் தொடாமலே சம்மதம் பதிவாகிவிடும். ஆகவே மடலில் உள்ள இணைப்பு ஒரு பக்கத்தைத் திறக்கட்டும். அந்தப் பக்கத்தில் "ஆம், சேர்த்துக்கொள்ளுங்கள்" என்ற இன்னொரு பட்டனை அழுத்தினால்தான் பதிவாக வேண்டும். ஒரு தட்டு கூடுதல்தான், ஆனால் கிடைப்பது மனிதரின் சம்மதம்.

படிவம் நிரப்பியதும் வரும் பக்கத்தில், அந்த விலாசம் ஏற்கெனவே பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பதிலைக் காட்டுங்கள்: "உங்கள் ஈமெயிலைப் பாருங்கள்." இல்லாவிட்டால் யார் யார் உங்கள் வாடிக்கையாளர் என்பதை வெளியார் சோதித்துத் தெரிந்துகொள்ளலாம்.

கவுண்டரில்

இவ்வளவும் செய்த பிறகும் அழுத்தாமல் போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று பார்த்தால், மலையகத்தில் பாதிக் காரணம் சிக்னல். எல்லவில் விருந்தினர் படிவத்தை நிரப்பிவிட்டு ரயிலேறுகிறார். வழியில் சுரங்கம், மலை, சிக்னல் இல்லை. கொழும்புக்குப் போனதும் நூறு மடல்கள் குவிந்திருக்கும், அதில் உங்களுடையது அடியில் கிடக்கும். ஆகவே அவர் பில் கட்டும்போது, வைஃபையில் இருக்கும்போதே கேளுங்கள்: "ஒரு மடல் வந்திருக்கும் சார், பார்த்தீர்களா? ஸ்பாமில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்." அவருடைய போனை வாங்கி நீங்கள் அழுத்தாதீர்கள். வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுங்கள்.

தொடங்கும் முன் ஜிமெயில், யாகூ, அவுட்லுக் மூன்றிலும் உங்கள் கணக்கு ஒன்றைப் பதிந்து, மடல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். விலை குறைந்த அன்ட்ராய்ட் போன் ஒன்றிலும் திறந்து பாருங்கள்.

என்ன பதிந்துவைப்பது

படிவம் நிரப்பிய தேதியும் நேரமும், உறுதிசெய்த தேதியும் நேரமும், எந்தப் படிவம் அல்லது எந்தக் கியூஆர், அவருடைய இணைய இணைப்பின் இலக்கமான ஐபி விலாசம், அன்றைக்குப் படிவத்தில் இருந்த வாசகம். கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். படிவத்தின் வாசகத்தை மாற்றும்போதெல்லாம் பழையதை ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்துத் தேதியோடு வையுங்கள். மற்றவற்றைச் சேவை தானாகவே வைத்திருக்கும். மாதம் ஒருமுறை இறக்கி வேறொரு இடத்திலும் சேமியுங்கள். சேவையை மாற்றும் நாளில் அந்தக் கோப்பு இல்லாவிட்டால் ஆதாரமும் போய்விடும்.

உறுதிசெய்யாதவர்களின் விலாசத்தை ஒரு மாதத்தில் அழித்துவிடுங்கள். சம்மதம் தராதவரின் விலாசத்தை வைத்திருக்க உங்களுக்குக் காரணம் இல்லை.

பழைய கொப்பி

"சரி, ஏற்கெனவே இருக்கும் நானூறு பேரை என்ன செய்வது? அவர்களுக்கும் ஒரு உறுதிமடல் போட்டுவிடலாமே?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பெரிய நிறுவனங்களே இதில் மாட்டியிருக்கின்றன. 2017 மார்ச்சில் பிரித்தானியத் தகவல் ஆணையாளர் அலுவலகம் ஃபிளைபீ விமான நிறுவனத்துக்கு 70,000 பவுண்டும், ஹொண்டாவின் ஐரோப்பிய நிறுவனத்துக்கு 13,000 பவுண்டும் தண்டம் விதித்தது. ஃபிளைபீ, மடலே வேண்டாம் என்று முன்பே சொன்னவர்களுக்கு "உங்கள் விவரம் சரியா?" என்று எழுதியது. ஹொண்டா, சம்மதம் தந்தார்களா இல்லையா என்ற பதிவே இல்லாதவர்களிடம் "எங்கள் மடல் வேண்டுமா?" என்று கேட்டது. சம்மதம் கேட்கும் மடலும் விளம்பர மடல்தான் என்று அங்கே எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே கொப்பியில் வெறும் பெயரும் ஈமெயிலும் மட்டும் இருப்பவர்களை விட்டுவிடுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும். கொப்பியைக் கொப்பியாகவே வைத்துக்கொள்ளலாம், அதில் எழுதிய நல்ல வார்த்தைகள் எங்கும் போகாது. மறுபடி ஓடர் கொடுக்கிறவர்கள் இருந்தால், அந்த ஓடருக்கான பற்றுச்சீட்டு மடலின் அடியில் ஒரு வரியில் படிவத்தின் இணைப்பை வையுங்கள். பார்சலுக்குள் கியூஆர் அச்சடித்த சின்னக் கார்ட் ஒன்றும் போடலாம். அப்படி வந்து சேர்கிறவர்கள் தாங்களாகக் கேட்டவர்கள்.

விலகுகிறவர்கள்

ஒவ்வொரு மடலின் அடியிலும் விலகும் இணைப்பு தெளிவாக இருக்கட்டும். வெளிர் சாம்பலில் சின்ன எழுத்தில் ஒளித்துவைத்தால், தேடிக் கிடைக்காதவர் ஸ்பாம் பட்டனை அழுத்துவார். நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர்கள் ஒரே தட்டில் விலகும் வசதி வைக்க வேண்டும், இரண்டு நாளுக்குள் விலக்க வேண்டும் என்பது ஜிமெயிலின் விதி. உங்கள் எண்ணிக்கை அதற்குக் கிட்டவும் வராது, ஆனால் நல்ல சேவைகள் எல்லோருக்கும் அந்த வசதியைத் தருகின்றன, போட்டு வையுங்கள்.

விலகியவரின் விலாசத்தை அடியோடு அழிக்காமல், "இவருக்கு அனுப்பக்கூடாது" என்ற தனிப் பட்டியலில் வையுங்கள். அழித்துவிட்டால், அடுத்த முறை வேறொரு கோப்பை ஏற்றும்போது அதே விலாசம் திரும்பவும் உள்ளே வந்துவிடும். விலகியவர் பிறகு மனம் மாறித் திரும்ப வந்தால், முதல் தடவை வந்தவரைப் போலவே படிவத்தை நிரப்பி, உறுதிமடலில் மறுபடி அழுத்த வேண்டும். பழைய சம்மதம் அவர் விலகிய அன்றே முடிந்துவிட்டது.